கரிக்குள் 27 சென்ட்: நைட்ரஜனை எண்ணிப் பரப்பை அறிவது எப்படி?

காரைக்குடிப் பக்கம் கார்பன் வேலை பார்க்கும் ஆய்வு மாணவர்கள் இரண்டு பேர் டீக்கடையில் சந்தித்துக்கொண்டால், "பெட்டுக்குக் கொடுத்தாச்சா? எவ்வளவு வந்துச்சு?" என்பதுதான் நலம் விசாரிப்பு. பெட் என்பது கரி போன்ற பொருளின் உள்ளும் புறமும் எவ்வளவு பரப்பு இருக்கிறது என்று அளக்கும் சோதனை. ஒருத்தர் கொட்டாங்கச்சியைக் கரியாக்கியிருப்பார், இன்னொருத்தர் சீமைக்கருவேலத்தை, வேறொருத்தர் பனங்கொட்டையை. இந்த ஊரில் இந்தப் பேச்சு நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், ஊர்க்காரர்கள் வாயில் 'சிக்ரி', இங்கேதான் இருக்கிறது. மின்கலம், மீமின்தேக்கி (மின்னேற்றத்தைக் கார்பன் பரப்பில் சேர்த்து வைக்கும் கருவி) என்று எதை எடுத்தாலும் பேச்சு கார்பனுக்கு வந்துவிடும். கார்பன் என்று வந்துவிட்டால் முதல் கேள்வி, பரப்பு எவ்வளவு?

பதில் ஓர் எண்ணாக வரும். கிராமுக்கு 1088 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நம் மனைக் கணக்கில் ஏறக்குறைய 27 சென்ட். அரைத் தேக்கரண்டி கரித்தூளுக்குள் 27 சென்ட் நிலமா என்று கேட்டால், ஆமாம். ஆனால் அந்த 27 சென்ட்டை எந்த மெஷினும் சங்கிலி பிடித்து அளக்கவில்லை. மெஷின் செய்தது ஒரே வேலைதான்: கரியில் எவ்வளவு நைட்ரஜன் வாயு ஒட்டியது என்று எண்ணியது. மீதியெல்லாம் நாம் போட்ட பெருக்கல். இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் வராது.

முதலில், இவ்வளவு பரப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். சிவகங்கை, ராமநாதபுரம் சீமையில் கருவேல விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, காற்று அதிகம் போகாமல் புகைய விட்டுக் கரியெடுப்பார்கள். கரிமூட்டம் போடுவது என்று சொல்வோமே, அதுதான். அந்தக் கரியில் ஒரு துண்டை ஒடித்து, ஒடிந்த முகத்தை வெயிலில் காட்டிப் பாருங்கள். ஊசி முனையால் குத்தியதுபோலப் பொடிப்பொடியாக ஓட்டைகள் தெரியும். மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏறிய குழாய்கள் அவை. இவைதான் அந்த 27 சென்ட் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை.

சின்னக் கணக்கு ஒன்று. குழாய் வடிவ ஓட்டையின் சுவர்ப் பரப்பை அதன் கொள்ளளவால் வகுத்தால், விடை நான்கை விட்டத்தால் வகுத்ததற்குச் சமம். விட்டம் குறையக் குறைய, அதே வெற்றிடத்துக்குச் சுவர் ஏறிக்கொண்டே போகும். மொத்தம் ஒரு கன சென்டிமீட்டர் வெற்றிடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது முழுவதும் 0.1 மில்லிமீட்டர் ஓட்டைகளாக இருந்தால் சுவர் 400 சதுர சென்டிமீட்டர். எட்டு அங்குல ஆத்தங்குடிக் கல் ஒன்றின் முகம், அவ்வளவுதான். அதே ஒரு கன சென்டிமீட்டர் 2 நானோமீட்டர் ஓட்டைகளாக இருந்தால் சுவர் 2000 சதுர மீட்டர். ஆக, பரப்பைத் தருவது கண்ணுக்குத் தெரிகிற ஓட்டை இல்லை. எந்தச் சாதாரண நுண்ணோக்கிக்கும் சிக்காத ஓட்டை.

மூட்டத்துக் கரியில் அந்தப் பொடி ஓட்டைகள் சரியாகத் திறந்திருப்பதில்லை. வேகும்போது வந்த தார் அவற்றின் வாயை அடைத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் கரியை 800 முதல் 1000 டிகிரி செல்சியஸில் நீராவியில் காட்டுகிறார்கள், அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, பாஸ்பாரிக் அமிலம் போன்றவற்றைச் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். நீராவி கரியையே கொஞ்சம் அரித்துக் கார்பன் மோனாக்சைடாகக் கொண்டுபோய்விடும். போன இடம் ஓட்டையாக நிற்கும். கிளர்வூட்டிய கரி என்று விற்பது இதைத்தான்.

ஓட்டைகளுக்கு அளவுப்படி பெயர் உண்டு. 2 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் நுண்துளை, 2 முதல் 50 வரை இடைத்துளை, அதற்கு மேல் பெருந்துளை. கருவேலங்கரியில் கண்ணால் பார்த்தது இந்தக் கணக்கில் பெருந்துளையிலும் பெருந்துளை.

சரி, 2 நானோமீட்டர் ஓட்டைக்குள் எதை விட்டு அளப்பது? அதைவிடச் சின்னதான ஒன்றை விட வேண்டும். வாயு மூலக்கூறு அதற்குத் தோது. எந்தத் திடப்பொருளின் மேற்பரப்பும் வாயு மூலக்கூறுகளைக் கொஞ்சம் தன் பக்கம் இழுக்கும். பள்ளிப் புத்தகத்தில் பரப்புக் கவர்தல் என்று படித்தது இதுதான். இங்கே வேதிப்பிணைப்பு எதுவும் உருவாவதில்லை. வாண்டர் வால்ஸ் விசை என்கிற இலேசான இழுப்பு மட்டும். சாதாரண வெப்பநிலையில் மூலக்கூறுகள் துள்ளுகிற துள்ளலில் அந்த இழுப்பு எடுபடாது. அதனால் மாதிரியைத் திரவ நைட்ரஜனில் முக்கி 77 கெல்வினுக்கு, அதாவது சுமார் மைனஸ் 196 டிகிரி செல்சியஸுக்குக் குளிர வைத்து, நைட்ரஜன் வாயுவையே உள்ளே விடுகிறார்கள். நைட்ரஜன் மலிவு, பெரும்பாலான பொருள்களோடு வினை புரியாது, குளிர வைக்கும் திரவமும் அளக்கும் வாயுவும் ஒன்றே. ஆய்வகத்துக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்!

இனி எண்ணிக்கை எப்படிப் பரப்பாகிறது என்பது. செட்டிநாட்டு வீட்டின் இரண்டாங்கட்டில் கல்யாணப் பந்தி நடக்கிறது. உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. வாசலில் நின்று எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று மட்டும் எண்ணலாம். எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டடி இடம் என்றால், தலையை எண்ணி இரண்டால் பெருக்கினால் பந்திப்பாயின் நீளம் வந்துவிடும். இர்விங் லாங்மியூர் 1918-ல் வெளியிட்ட கணக்கு இந்த மாதிரிதான்: மேற்பரப்பில் ஒரே ஓர் அடுக்கு, அதற்குமேல் இடமில்லை. மேற்பரப்பு வேதியியலுக்காக 1932-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நம் பந்தி அப்படியா நடக்கும்? முன்னால் இலை காலியாக இருக்கும்போதே, சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு ஆள் நிற்க ஆரம்பித்துவிடும். அவர் பின்னால் இன்னொருத்தர். இப்போது தலையை எண்ணினால் உட்கார்ந்தவர், நின்றவர் எல்லாம் சேர்ந்து வரும். 77 கெல்வினில் நைட்ரஜன் செய்வதும் இதேதான். முதல் அடுக்கு நிரம்பும் முன்பே ஆங்காங்கே இரண்டாம், மூன்றாம் அடுக்கு ஏறிவிடும்.

உட்கார்ந்தவர்களை மட்டும் பிரித்தெடுக்க வழி சொன்னவர்கள் புருனவர், எம்மெட், டெல்லர் என்ற மூவர். அவர்கள் கட்டுரை 1938-ல் வந்தது. மூன்று பெயரின் முதல் எழுத்துகள்தான் 'பெட்'. புருனவரும் எம்மெட்டும் வாஷிங்டனில் அமோனியா தயாரிப்புக்கான இரும்பு வினையூக்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள். வினையூக்கியின் வேலை மேற்பரப்பில்தான் நடக்கிறது. அந்தப் பரப்பு எவ்வளவு என்று தெரியாமல் ஒன்றோடொன்றை ஒப்பிட முடியவில்லை. டெல்லர், பின்னாளில் ஹைட்ரஜன் குண்டு விவகாரத்தில் பெயர் அடிபட்ட அதே எட்வர்ட் டெல்லர்தான். ஆள் மேல் எனக்குப் பெரிய அபிமானம் கிடையாது, ஆனால் இந்தக் கணக்கு அழகு. முதல் அடுக்கை இழுப்பது திடப்பொருள். அந்த இழுப்பு பலமானது. இரண்டாம் அடுக்கிலிருந்து மேலே உள்ளவர்களைப் பிடித்து வைத்திருப்பது கீழே இருக்கும் நைட்ரஜன்தான். அந்த இழுப்பு நைட்ரஜன் திரவமாகும்போது இருக்கும் இழுப்பே. இந்த இரண்டு இழுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மாறிலியில் அடக்கிவிட்டால் சமன்பாடு கிடைத்துவிடும். அந்த மாறிலியைப் பெட் மாறிலி என்பார்கள். அது பெரிதாக இருந்தால் முதல் அடுக்கின் பிடி உறுதி. சின்னதாக இருந்தால் வரிசை கலைந்த பந்தி.

மெஷினில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் தப்பு நுழைவது பெரும்பாலும் இங்கேதான். மாதிரிக்குழாய் கண்ணாடியால் ஆனது. நீண்ட தண்டு, அடியில் சின்னக் குமிழ். முதல் வேலை அதைக் காலியாக நிறுப்பது. பிறகு கரியைப் போட்டு, வெற்றிடத்தில் வைத்துச் சூடாக்க வேண்டும். கரி நம் ஊர்க் காற்றிலிருந்து ஈரத்தையும் கண்ட கண்ட ஆவியையும் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும். அதைத் துரத்தினால்தான் நைட்ரஜனுக்கு இடம் கிடைக்கும். கிளர்வூட்டிய கரியைப் பொதுவாக 300 டிகிரி செல்சியஸ் வரை சில மணி நேரம் தாராளமாகக் காய்ச்சலாம். ஆனால் எல்லாப் பொருளுக்கும் அதே சூடு கூடாது. உதாரணமாக, நம் பழைய வீட்டுச் சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சை அளக்க வேண்டும் என்று யாராவது கொண்டுவந்தால், சுண்ணாம்பு தாங்கும், அதில் கலந்த முட்டை வெள்ளைக்கரு தாங்காது. கருகிப் புது ஓட்டையை உண்டாக்கிவிடும். அதைக் குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வெற்றிடத்தில் வைப்பதுதான் வழி. வாயு நீக்கிய பிறகு மறுபடியும் நிறுக்க வேண்டும். கணக்கில் எடுக்க வேண்டியது இந்த எடையில் காலிக்குழாயின் எடை போக மீதிதான். வாயு நீக்கும் முன் ஈரத்தோடு இருந்த எடை இல்லை.

அடுத்து ஹீலியம். 77 கெல்வினிலும் பெரும்பாலான பொருள்களில் அது ஒட்டாது என்று சொல்லும்படிதான் இருக்கும். அதை உள்ளே விட்டு, குழாய்க்குள் மாதிரி அடைத்தது போக எவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது என்று கணக்கெடுக்கிறார்கள். பிறகு அதை உறிஞ்சி வெளியே தள்ளிவிட்டு, அளந்த கொள்ளளவுள்ள அறையிலிருந்து நைட்ரஜனைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குழாய்க்குள் விடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அழுத்தம் இறங்கி ஒரு நிலைக்கு வந்து நிற்கும் வரை காத்திருப்பு. வாயு விதிப்படி, விட்ட நைட்ரஜன் இவ்வளவு, சும்மா இடத்தில் நிற்பது இவ்வளவு. வித்தியாசம் எங்கே போயிற்று? கரியில் ஒட்டிவிட்டது. இந்தக் கழித்தல்தான் மெஷினின் மொத்த சாமர்த்தியமும். அதனால் சோதனை நடந்துகொண்டிருக்கும்போது திரவ நைட்ரஜன் ஆவியாகி மட்டம் இறங்கினாலும், குளிர்ந்திருக்கும் பகுதியின் அளவு மாறாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அது மாறினால் சும்மா இடத்தின் கணக்கு கெட்டு, இல்லாத நைட்ரஜன் கரிமேல் ஏறிவிடும்.

அப்படிக் கிடைத்த புள்ளிகளை வரைபடமாக்கினால் சமவெப்பநிலைக் கோடு. கிடை அச்சில் அழுத்தம், ஆனால் நேரடியாக இல்லை. அந்த வெப்பநிலையில் நைட்ரஜன் திரவமாகும் அழுத்தத்தால் வகுத்த விகிதம், 0 முதல் 1 வரை. செங்குத்து அச்சில் ஒரு கிராம் கரி பிடித்த வாயு. பெட் கணக்குக்குப் பொதுவாக 0.05 முதல் 0.30 வரை உள்ள பகுதியை எடுத்து, சமன்பாட்டின்படி மாற்றி வரைந்தால் நேர்கோடு வரும். அந்தக் கோட்டின் சாய்வையும் வெட்டுத்துண்டையும் கூட்டி, கூட்டுத்தொகையைத் தலைகீழாக்கினால் முதல் அடுக்கின் வாயு அளவு. சாய்வு 0.003992, வெட்டுத்துண்டு 0.000008 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 0.004. தலைகீழாக்கினால் 250. அதாவது ஒரு கிராம் கரியின் முதல் அடுக்கில், திட்ட வெப்ப அழுத்தத்தில் 250 கன சென்டிமீட்டர் இருக்கும் நைட்ரஜன். சாய்வை வெட்டுத்துண்டால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் பெட் மாறிலி: 500.

இனிப் பெருக்கல். ஒரு நைட்ரஜன் மூலக்கூறு அடைக்கும் இடம் 0.162 சதுர நானோமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறோம். திரவ நைட்ரஜனின் அடர்த்தியிலிருந்து, மூலக்கூறுகள் நெருக்கி அடுக்கியிருக்கின்றன என்று கொண்டு வந்த எண் அது. அவகாட்ரோ எண்ணையும் சேர்த்துப் போட்டால் ஒரு கன சென்டிமீட்டர் வாயு 4.35 சதுர மீட்டரை மூடும். 250-ஐ 4.35-ஆல் பெருக்குங்கள். 1088 வந்துவிட்டதா? பந்தியில் ஆளுக்கு இரண்டடி என்று நாம் வைத்துக்கொண்டதுபோலத்தான் இந்த 0.162-உம். சில மேற்பரப்புகளில் நைட்ரஜன் படுத்துக்கொள்ளும், சிலவற்றில் நிற்கும்; அதன் மின்பகிர்வு சீராக இல்லாததால், ஆக்சிஜன் தொகுதிகள் உள்ள பரப்பில் அது திரும்பிக்கொள்ளும் விதமே மாறும். அதனால் நுண்துளைப் பொருள்களுக்கு 87 கெல்வினில் ஆர்கானே மேல் என்று சர்வதேச வேதியியல் ஒன்றியம் 2015-ல் பரிந்துரைத்தது. செலவும் வசதியும் பார்த்து இன்றும் பெரும்பாலானோர் நைட்ரஜனைத்தான் விடுகிறார்கள்.

துளைக் கொள்ளளவு இதைவிட எளிது. அழுத்த விகிதம் ஒன்றை நெருங்கும்போது, சுமார் 0.99-ல், நுண்துளை, இடைத்துளை எல்லாம் நிரம்பி உள்ளே இருப்பது கிட்டத்தட்டத் திரவ நைட்ரஜன் என்று கொள்ளலாம். அங்கே கிராமுக்கு 400 கன சென்டிமீட்டர் வாயு பிடித்திருந்தால், அதை 0.001547-ஆல் பெருக்கினால் திரவமாக எவ்வளவு என்று வரும்: 0.62 கன சென்டிமீட்டர். ஒரு கிராம் கரிக்குள் அவ்வளவு வெற்றிடம். முன்பு போட்ட நான்கு வகுத்தல் விட்டம் கணக்கைத் திருப்பிப் போட்டால் சராசரி விட்டமும் கிடைக்கும். நம் கரிக்கு சுமார் 2.3 நானோமீட்டர். வாய் திறக்காத துளைகள் இந்தக் கணக்கில் வரவே வராது, வாயு போக வழியில்லையே. கண்ணுக்குத் தெரிந்த அந்தக் கருவேலங்குழாய்களும் வராது. அவற்றுக்குப் பாதரசத்தை அழுத்தி அளக்கும் முறை தனியாக இருக்கிறது.

சராசரி போதாது, எந்த அளவுத் துளை எவ்வளவு என்று வேண்டுமானால் கோட்டின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். தொடக்கத்திலேயே விறுவிறுவென்று ஏறிப் பிறகு கிடையாக நீண்டால் நுண்துளை. நடுவில் இரண்டாவது ஏற்றம் இருந்து, அழுத்தத்தைக் குறைக்கும்போது வந்த வழியே திரும்பாமல் வேறு பாதையில் இறங்கினால் இடைத்துளை. குறுகிய துளைக்குள் வாயு வழக்கத்தைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே திரவமாகிவிடும் என்கிற கெல்வின் சமன்பாட்டை வைத்து, 1951-ல் பாரெட், ஜாய்னர், ஹலெண்டா மூவரும் துளைப் பரவலைக் கணக்கிட வழி செய்தார்கள். அந்த முறையில் ஒரு பொறி இருக்கிறது. இறங்குபாதைப் புள்ளிகளைப் பயன்படுத்தினால் 3.8 நானோமீட்டர் அருகே கூர்மையாக ஒரு சிகரம் அடிக்கடி முளைக்கும். அது துளையே இல்லை. நைட்ரஜன் திரவம் 0.42 விகிதத்துக்குக் கீழே அந்தத் துளைகளில் தாங்கி நிற்க முடியாமல் ஒரேயடியாகக் கலைந்து வெளியேறுவதன் தடயம். ஆய்வேட்டில் அந்தச் சிகரத்துக்கு அம்புக்குறி போட்டு 'சீரான இடைத்துளை' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் ஏறுபாதைக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு பொறி பரப்பிலேயே இருக்கிறது. இரண்டு மூலக்கூறு அகலமே உள்ள துளையில் முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு என்று பிரிப்பதில் அர்த்தமில்லை. துளை அப்படியே நிரம்பிவிடும். பெட் சமன்பாடு அதையும் அடுக்கு என்று நினைத்துக்கொண்டு ஓர் எண்ணைக் கொடுக்கும். கார்பன் அணுக்கள் ஒரே அடுக்காக விரிந்த கிராபீன் தாளின் இரண்டு பக்கமும் சேர்த்தால் கிராமுக்கு சுமார் 2630 சதுர மீட்டர். ஒரு கரிக்கு 3000-க்கு மேல் என்று அறிக்கை வந்தால், தாள்கள் துண்டுபட்டு ஓரங்கள் கூடியிருக்கலாம்; அதோடு துளை நிரம்பிய வாயுவையும் பரப்பாக எண்ணிவிட்டோமா என்று சந்தேகப்பட வேண்டும். உலோகமும் கரிமச் சேர்மமும் கோத்த சட்டகங்கள் வேறு கதை. 2025-ல் வேதியியல் நோபல் வாங்கிய அந்தக் குடும்பத்தில் 7000-க்கு மேலும் பதிவாகியிருக்கிறது. நம் கரியைப் பொறுத்தவரை, நுண்துளை அதிகமிருந்தால் 0.05 முதல் 0.30 என்ற வழக்கமான பகுதி ஒத்துவராது, 0.1-க்குக் கீழே இறங்கிப் புள்ளி எடுக்க வேண்டியிருக்கும். பெட் மாறிலி எதிர்மறையாக வந்திருந்தால் அந்த அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், எதிர்மறை மாறிலிக்கு இயற்பியலில் அர்த்தமே கிடையாது, புள்ளி எடுத்த பகுதி தப்பு என்பதற்கு அதுவே அடையாளம்.

மீமின்தேக்கிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நைட்ரஜன் போன இடத்துக்கெல்லாம் மின்பகுளியின், அதாவது மீமின்தேக்கிக்குள் இருக்கும் கரைசலின், அயனி போகும் என்று இல்லை. கரைப்பானைச் சுமந்துகொண்டு வரும் அயனி பருமனானது. 1500 காட்டிய கரி, 1000 காட்டிய கரியைவிடக் குறைவாக மின்னேற்றம் பிடிப்பது இதனாலும் நடக்கும். அதனால் பரப்பு எண்ணோடு துளைப் பரவலையும் சேர்த்தே பாருங்கள்.

கடைசியாக, மாதிரி எவ்வளவு கொடுப்பது என்று எல்லாரும் கேட்கிறார்கள். குழாய்க்குள் மொத்தப் பரப்பு சில பத்துச் சதுர மீட்டராவது இருந்தால் அந்தக் கழித்தல் நம்பும்படி வரும். கரிக்கு 50 முதல் 100 மில்லிகிராம் தாராளம். கிராமுக்கு ஒரு சதுர மீட்டர்கூடத் தேறாத வழவழப்பான பொடிக்குப் பல கிராம் வேண்டும். அப்படியும் போதாவிட்டால் கிரிப்டானுக்குப் போக வேண்டும். 77 கெல்வினில் அதன் ஆவியழுத்தம் மிகக் குறைவு என்பதால் சும்மா இடத்தில் நிற்கும் வாயு சொற்பம், கொஞ்சம் ஒட்டினாலும் தெரிந்துவிடும். கரிக்கு வேண்டியதெல்லாம் நல்ல தராசு. 100 மில்லிகிராமில் 2 மில்லிகிராம் பிசகினால் நம் 1088 என்பது 1067-க்கும் 1110-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். அப்புறம் அறிக்கையில் புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் அச்சடித்திருந்தாலும் அவற்றுக்கு மதிப்பில்லை.